ஒரு நாட்டுக்கு ஒரு மொழியா? தணிகை தரும் விடை

(திருத்தணி மலையடியில் தமிழன்பர்களிடையே ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இத்தணிகை மலைக்கு முந்நூற்று அறுபத்தைந்து படிகள். ஆண்டின் நாளுக்கொரு படி என்பது மக்கள் வழக்கு. ஆடிக் கிருத்திகை நாளில் அப்படிகளின் ஓரமாக நின்று செவிமடுப்பார்க்கு ஓர் உண்மை தானே விளங்கும். சென்னையிலிருந்தும் ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்தும் காவடி தூக்கி வருவோர் தமிழில் பாடிக்கொண்டு ஏறுகின்றனர். நகரி, புத்தூர், சித்தூர்ப் பக்கத்திலிருந்து வருவோருள் பலர் தெலுங்கில் பாடிக்கொண்டு ஏறுகின்றனர். இருவர் ஏறுவதும் ஒரே படிக்கட்டுத்தான். 'உன் மொழியை அடிவாரத்தில் விட்டுவிட்டு ஏறு' என்று எவரும் எவரையும் தடுப்பதில்லை.

இந்திய ஒன்றியத்தின் ஒற்றுமைக்கு ஒரே நாட்டுமொழி வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பாரை முதற்கண் இப்படிக்கட்டுக்கு அழைத்து வரவேண்டும். ஒற்றுமை என்பது ஒரே இடத்திற்குச் சேர்ந்து ஏறுவது. ஒரே வாயால் பேசுவதன்று.

ஆயினும் உணர்ச்சியுரை மட்டும் போதாது. எதிர்த்தரப்பார் கூறும் ஏதுக்களை எடுத்து வைத்து, ஒன்றொன்றாக அலசிப் பார்த்தல் வேண்டும்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக் கொள்க. நாட்டுமொழி வேறு, ஆட்சிமொழி வேறு, தொடர்புமொழி வேறு. அரசு தன் அலுவலை எம்மொழியில் நடத்துகின்றதோ அஃது ஆட்சிமொழி. இருவேறு மொழியார் தம்முள் எம்மொழியால் கலந்து கொள்கின்றனரோ அது தொடர்புமொழி. நாட்டுமொழி, அதாவது தேசியமொழி, என்பதோ ஒரு நாட்டின் முகமாகவும் அடையாளமாகவும் ஒரு மொழியை முன்னிறுத்துவது. இம்மூன்றையும் வேண்டுமென்றே குழப்பி, 'இந்தி இந்தியாவின் தேசியமொழி' என்று பள்ளிப் பிள்ளைகள் வரைக்கும் நம்பவைத்துள்ளனர். அது பொய். இந்திய அரசமைப்புச் சட்டத்தில் எந்த மொழியும் தேசியமொழி என்று குறிக்கப்படவில்லை. 343-ஆம் பிரிவு கூறுவதெல்லாம், ஒன்றியத்தின் ஆட்சிமொழி தேவநாகரி எழுத்தில் அமைந்த இந்தி என்பதே. இந்தி தேசியமொழியென அறிவிக்கப்பெற்றதற்குச் சான்றேதும் இல்லையெனக் குசராத்து உயர்நயன்மன்றமே 2010-இல் கூறியது.

அந்த ஆட்சிமொழி ஏற்பாடு 1949-ஆம் ஆண்டு செபுதம்பர் 14-ஆம் நாள் அரசமைப்பு மன்றத்தில் முடிவாயிற்று. ஆங்கிலம் பதினைந்தாண்டு உடன் நிற்கும். 1965 சனவரி 26 முதல் இந்தியே ஆளும் என்பது ஏற்பாடு. அம்மட்டோ? 351-ஆம் பிரிவு, இந்தியைப் பரப்புவதை ஒன்றிய அரசின் கடமையாக்கியது. இந்திக்கு வேண்டிய சொற்களை முதன்மையாக வடமொழியிலிருந்து எடுத்துக்கொள்ளவும் வழிகாட்டியது. ஏனை மொழிகட்கு எட்டாம் அட்டவணையில் பெயர்ப்பட்டியல். இந்திக்கோ பரப்புதற்கு அரசின் ஆற்றல் முழுதும். அட்டவணையில் அன்று பதினான்கு மொழிகள் இருந்தன, இன்று இருபத்திரண்டு. பட்டியல் நீண்டதேயன்றி, அதில் உள்ள மொழிகளின் நிலை உயரவில்லை.

இனித் தணிகையின் வரலாற்றுக்கு வருக. மொழிச் சிக்கலை நூலில் படித்தறிந்த ஊரன்று இது, பட்டறிந்த ஊர்.

1911-இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபின், திருத்தணி அம்மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. தமிழரும் தெலுங்கரும் ஒரே சென்னை மாகாணத்தில் வாழ்ந்த வரையில் மாவட்ட எல்லை பெரிய கேடாகத் தோன்றவில்லை. ஆந்திர மாநிலம் வேண்டிப் பொட்டி சிறீராமுலு உண்ணாநோன்பிருந்து 1952 திசம்பரில் உயிர்துறந்தார். 1953 அகுதோபர் முதல் நாள் ஆந்திரம் பிரிந்தது. சித்தூர் மாவட்டம் முழுதாக ஆந்திரத்தில் சேர்க்கப்பெற்றது. அதனொடு திருத்தணியும் போயிற்று. ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் அரசு மாறிவிட்டது.

அவ்வாறு போனமையால் அன்றே வானம் இடிந்து விழுந்துவிடவில்லை. தெலுங்கை ஆட்சிமொழியாக்கும் சட்டத்தை ஆந்திரம் 1966-இல்தான் இயற்றியது. ஆயினும் தணிகைத் தமிழர் வருவதை முன்னறிந்தனர். மொழியின் பெயரால் அமைந்த அரசு அம்மொழியிலேயே ஆளும், ஆளவும் வேண்டும். அங்ஙனமாயின் தமிழ் உழவனின் நிலவரி ஆவணம் எம்மொழியில் இருக்கும்? பொதட்டூர்ப்பேட்டை நெசவாளியின் விண்ணப்பத்தை எந்த அலுவலர் படிப்பார்? பிள்ளை எந்தப் பள்ளியில் எந்த எழுத்தை முதலில் எழுதும்? இவ்வினாக்கள் வயிற்றைப் பற்றியவை, வாழ்வைப் பற்றியவை. மொழி வெறும் உணர்ச்சி என்பார் இவற்றுக்கு விடை கூறட்டும்.

வடவெல்லைப் பகுதியில் ஊர்தோறும் தமிழ் கற்பித்துத் தமிழுணர்வை விதைத்தவர் ஆசிரியர் மங்கலங்கிழார். தமிழரசுக் கழகத் தலைவர் ம.பொ. சிவஞானமும், திருத்தணி வழக்கறிஞர் கே. விநாயகமும், பெயர் அறியப்படாத ஊரார் பலரும் கிளர்ச்சியை நடத்தினர். பலர் சிறையேகினர். இறுதியில் படாசுகர் நடுவராக அமர்த்தப்பெற்றார். ஊரை அலகாகக் கொள்வது, அவ்வூரில் பெரும்பான்மையோர் பேசும் மொழியைப் பார்ப்பது, நிலத்தொடர்ச்சியைப் பார்ப்பது என்னும் நெறிகளில் அவர் தீர்ப்புரைத்தார். அதன்படி 1959-இல் எல்லை மாற்றச் சட்டம் வந்தது. 1960 ஏப்பிரல் முதல் நாள், ஆறாண்டு ஆறு திங்கள் கழித்து, திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதி தமிழகம் மீண்டது. செங்கற்பட்டு மாவட்டத்தில் சேர்ந்த அது, 1997 முதல் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது.

முழுவெற்றி என்று இதைச் சொல்வதற்கில்லை. வேங்கடமலை கிடைக்கவில்லை. சத்தியவேட்டுப் பகுதி செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து ஆந்திரத்துக்குச் சென்றது. நகரியிலும் புத்தூரிலும் சித்தூரிலும் தமிழர் இன்றும் வாழ்கின்றனர். எனினும் ஒரு நெறி வென்றது. மக்கள் பேசும் மொழி எதுவோ, அம்மொழி வழியே அவர்களின் அரசு அமையவேண்டும் என்பதே அந்நெறி. ஓர் ஊரின் மொழியைக்கூட ஒதுக்கிவிடக் கூடாதென்று கண்ட அறம், ஒன்றியம் முழுவதற்கும் வரும்போது மட்டும் ஏன் உறங்கிவிடுகின்றது? ஊருக்கு ஒரு நயன், நாட்டுக்கு வேறொரு நயனா?

இனி எதிர்த்தரப்பாரின் ஏதுக்கள்.

'இந்தி பெரும்பான்மையோர் மொழி' என்பது முதல் ஏது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் இந்தி பேசுவோர் நூற்றுக்கு 43.63 பேர் என்று காட்டப்பெற்றுள்ளது. அதுவே பாதியை எட்டவில்லை. அவ்வெண்ணின் உள்ளே புகுந்து பார்ப்பார்க்கு உண்மை இன்னும் தெளிவாகும். போச்சுபுரி பேசும் ஐந்து கோடிப் பேர், இராசத்தானி பேசும் இரண்டரைக் கோடிப் பேர், இன்னும் ஐம்பதுக்கு மேற்பட்ட தாய்மொழிகளைச் சொன்னோர் எல்லாரும் 'இந்தி' என்னும் ஒரே மூட்டைக்குள் கட்டப்பட்டுள்ளனர். தம் தாய்மொழி இந்தி என்றே சொன்னவர் ஏறத்தாழ 32 கோடிப் பேர். 121 கோடி மக்களுள் நால்வரில் ஒருவர்க்குச் சற்றே கூடுதல். மைதிலியும் ஒருகாலத்தில் இம்மூட்டைக்குள் இருந்ததே. 2003-இல் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றபின் அது தனிமொழியாக எண்ணப்படலாயிற்று. வடபுலத்து மொழிகளையே விழுங்கித்தான் இந்தி பெருத்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா? இந்தித் திணிப்பால் முதலில் இழப்புற்றவர் வடபுலத்து ஏழை மக்களே. அவர்க்கும் சேர்த்தே தமிழர் போராடுகின்றனர்.

'ஒருமொழி இல்லையேல் நாடு சிதறும்' என்பது இரண்டாம் ஏது. வரலாறோ இதற்கு நேர்மாறாகப் பேசுகின்றது. பாக்கித்தானின் மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் வங்காளியர். ஆயினும் உருதுவே அரசமொழி என்று 1948 மார்ச்சில் தாக்காவில் சின்னா முழங்கினார். 1952 பிப்பிரவரி 21-இல் வங்க மாணவர் குண்டடிபட்டு மாண்டனர். 1956-இல் வங்காளிக்கும் இடமளித்தனர், புண் ஆறவில்லை. 1971-இல் நாடே இரண்டாயிற்று. அம்மாணவர் மாண்ட நாளையே உலகத் தாய்மொழி நாளாக ஒன்றிய நாடுகளின் கல்வி பண்பாட்டு அமைப்பு 1999-இல் அறிவித்தது. நாட்டைச் சிதறடித்தது பன்மொழியா, ஒருமொழியா?

ஈழத்தைப் பார்க்க. 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டமியற்றினர். 1957-இல் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் செய்துகொண்ட உடன்பாடு அடுத்த ஆண்டே கிழிக்கப்பட்டது. 1978 அரசமைப்பில் தமிழையும் 'தேசியமொழி' என்று எழுதினர். ஆட்சிமொழியாகச் சிங்களத்தை மட்டுமே வைத்தனர். பெயர் தமிழுக்கு, பிடி சிங்களத்துக்கு! தமிழும் ஆட்சிமொழி என்று எழுத 1987 வரை அவர்க்கு மனம் வரவில்லை. அதற்குள் 1983-ஆம் ஆண்டின் சூலைப் படுகொலை நடந்து முடிந்திருந்தது. 2009 வரை அம்மண்ணில் குருதி ஓடியது. 'தமிழும் ஒரு தேசியமொழிதானே' என்று இங்கே ஆறுதல் கூறுவார் இதனை ஊன்றிப் படிக்கட்டும். ஆளும் ஆற்றல் இல்லாத பட்டம் வெறும் அட்டைக் கிரீடம்.

மறுபுறம், சுவிட்சர்லாந்தில் நான்கு நாட்டுமொழிகள். நூற்றுக்கு ஒருவர்கூடப் பேசாத உரோமாஞ்சு மொழியை 1938-இல் மக்கள் வாக்களித்தே நான்காம் மொழியாக ஏற்றனர். அந்நாடு சிதறிவிடவில்லை. சிங்கப்பூரில் தமிழ் உள்ளிட்ட நான்கு ஆட்சிமொழிகள். அமெரிக்க ஒன்றியம் இருநூற்று ஐம்பதாண்டு அளவும் ஒன்றிய நிலையில் ஆட்சிமொழி எதனையும் அறிவிக்காமலே பெருவல்லரசாயிற்று. 2025 மார்ச்சில்தான், அதுவும் குடியரசுத் தலைவரின் ஆணையால், ஆங்கிலத்துக்கு அப்பட்டம் சூட்டப்பெற்றது. பட்டம் சூட்டாத காலத்தில் அந்நாட்டின் ஒற்றுமைக்கு அதனால் குறை வந்ததில்லை.

'ஆங்கிலம் அயல்மொழி, அதற்கு இந்தி மேலன்றோ?' என்பது மூன்றாம் ஏது. தமிழனுக்கு இரண்டும் அயல்மொழியே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ஆங்கிலத்தைத் தமிழனும் கற்கவேண்டும், இந்தியாரும் கற்கவேண்டும். சுமை இருவர்க்கும் ஒன்று. இந்தியோ ஒருவனுக்குத் தாய்ப்பால், மற்றவனுக்குத் தேர்வுத்தாள். ஓட்டப் பந்தயத்தில் ஒருவனைப் பாதிவழியில் நிறுத்தி ஓடவிடுவது போட்டியாகாது. அதற்காக ஆங்கிலம் தமிழ்நாட்டை ஆளட்டும் என்பது பொருளன்று. ஒன்றியத்தோடும் பிற மாநிலங்களோடும் தொடர்புகொள்ளும் கருவியாக அது நிற்கட்டும். தமிழகத்துள் தமிழே ஆளட்டும்.

இம்மண்ணில் பிறந்த ஒருவரையும் இவ்விடத்து நினைக்க வேண்டும். திருத்தணியில் 1888-இல் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருட்டிணனே, 1965 சனவரி 26-இல் குடியரசுத் தலைவராக வீற்றிருந்தவர். இந்தி அரியணை ஏறிய அந்நாளை ஒட்டித் தமிழகமே கொதித்தெழுந்தது. தீக்குளிப்பிலும் துப்பாக்கிச் சூட்டிலும் உயிர்கள் பல மாய்ந்தன. நடுவணமைச்சர் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அழகேசனும் பதவி விலக முன்வந்தனர், விலகல் ஏற்கப்பெறவில்லை. தலைமையமைச்சர் இலால்பகதூர் சாத்திரி உறுதிமொழி தந்தார். 1963 ஆட்சிமொழிச் சட்டம் 1967-இல் திருத்தப்பெற்றது. இந்தியை ஆட்சிமொழியாகக் கொள்ளாத மாநிலங்களின் சட்டமன்றங்கள் அனைத்தும் ஒப்பினாலன்றி ஆங்கிலத்தை விலக்க முடியாது என்பது அத்திருத்தம். அண்ணாவின் ஆட்சியில் 1968 சனவரி 23-இல் தமிழகச் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையை நிறைவேற்றியது. 1976-இல் நடுவணரசு வகுத்த ஆட்சிமொழி விதிகள், தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுமைக்கும் பொருந்தும் என்றே தொடங்குகின்றன. அந்த 'நீங்கலாக' என்னும் ஒரு சொல், செத்தவர் எழுதிய சொல்.

இனி, எதிர்த்தரப்பார் எழுப்பும் கடைசி வினா. இதனைத் தணிகையில் நின்றுகொண்டு தட்டிக்கழிக்க முடியாது. 'ஒன்றியத்துக்கு ஒருமொழி கூடாதென்கிறீர். தமிழ்நாட்டுக்கு மட்டும் தமிழ் ஒன்றே ஆட்சிமொழி ஏன்? இத்திருத்தணியிலும் பள்ளிப்பட்டிலும் வாழும் தெலுங்கர்மேல் நீங்கள் செய்வது திணிப்பாகாதோ?' என்கின்றனர்.

நேர்மையான வினாவே. விடையும் நேர்மையாக அமையவேண்டும். ஆட்சிமொழியின் நோக்கம் ஆளப்படுவோர்க்கு அரசின் சொல் விளங்குவது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு எண்பத்தெட்டுப் பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர் என்று 2011 கணக்குக் கூறுகின்றது. இந்திய ஒன்றியத்தில் எம்மொழிக்கும் அத்தகுதி இல்லை. ஆகவே 1956-இல் இயற்றிய தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் இயற்கை நெறியில் பட்டது. ஆனால் எஞ்சிய பன்னிருவரின் மொழி என்னாவது என்னும் கடமை அதனால் தீர்ந்துவிடவில்லை. சிறுபான்மை மொழிப் பிள்ளைக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தருவதற்கு அரசமைப்பின் 350-அ பிரிவு வழிசெய்கின்றது. 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தின்படி தமிழகப் பள்ளிகளில் தமிழ் கட்டாயப் பாடம். பத்தாம் வகுப்புத் தமிழ்த்தாளிலிருந்து விலக்கு வேண்டிச் சிறுபான்மை மொழிப் பள்ளிகளின் வழக்கு உச்சநயன்மன்றம் வரை சென்றது. இம்மண்ணில் வாழும் பிள்ளை இம்மண்ணின் மொழியைக் கற்பது அதன் வாழ்வுக்கே நன்று. அதே பிள்ளை தன் தாயின் மொழியை மறக்கும்படி ஆவது அறமன்று. தமிழும் கற்கட்டும், தெலுங்கும் வாழட்டும், அதற்கு ஆசிரியரை அமர்த்துவது அரசின் கடன். இங்குள்ள தெலுங்குப் பிள்ளைக்கு இதனைக் கொடுத்தால்தான், நகரியிலும் சத்தியவேட்டிலும் உள்ள தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழாசிரியரைக் கேட்கும் வாய் தமிழர்க்கு இருக்கும். தனக்கு வேண்டிய நயனைப் பிறர்க்கு மறுப்பவன் உரிமைப்போர் நடத்துபவனல்லன். தன் முறைக்காகக் காத்திருக்கும் மற்றோர் ஆதிக்கக்காரன்.

அன்பர்களே! பிறரைக் குறைகூறுவதோடு நிறைவுற்றால் இக்கூட்டம் பயனற்றது. 1956-இல் ஆட்சிமொழிச் சட்டம் இயற்றிய தமிழகத்தில், சென்னை உயர்நயன்மன்றத்தில் இன்னும் தமிழில் வழக்காட வழியில்லை. இராசத்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் ஆகிய மாநிலங்களின் உயர்நயன்மன்றங்களில் இந்திக்கு இடமுண்டு. தமிழுக்கு அவ்விடம் வேண்டித் தமிழகச் சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் நிறைவேற்றியும் இசைவு கிட்டவில்லை. தன் நிலத்தைப் பற்றிய தீர்ப்பைத் தானே படிக்க முடியாத தணிகை உழவனுக்கு, 1960-இல் மீண்ட உரிமை முழுதாக மீண்டதாகுமா?

இது தில்லி செய்த குறை. தமிழர் தாமே செய்யும் குறையும் உண்டு. எல்லைக்காகச் சிறையேகியவரின் பேரப்பிள்ளைகள் 'அம்மா' என்பதற்கு நாணுகின்றனர். தமிழ்வழிப் பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பதை ஏழைமையின் அடையாளமாகப் பெற்றோர் கருதுகின்றனர். கடைத்தெருவின் பெயர்ப்பலகைகளில் ஆங்கிலத்தைத் தமிழெழுத்தால் எழுதி வைத்து, அதனைத் தமிழ் என்கின்றனர். அருணகிரியார் பாடிய மலையில், வள்ளலார் நெஞ்சுருகிய மலையில், தமிழில் வழிபாடு செய்யுமாறு கேட்கவும் அன்பர் தயங்குகின்றனர். பகைவன் திணித்தால் எதிர்க்கும் தமிழன், தானே திணித்துக்கொள்ளும்போது உறங்குகின்றான். எல்லைக்கல்லை நட்டு நிலத்தைக் காக்கலாம். மொழியைக் காக்கும் எல்லைக்கல் வீட்டு வாயிலில் நடப்பட வேண்டும்.

ஆகவே வேண்டுவன இவை: ஒன்றியத்துக்கு ஒரே நாட்டுமொழி என்னும் பேச்சு கைவிடப்படுக. எட்டாம் அட்டவணை மொழிகள் அனைத்தும் ஒன்றிய ஆட்சிமொழிகளாகுக. அதுகாறும் 1967 திருத்தத்தின் காப்பு ஓரெழுத்தும் குறையாது நிற்க. சென்னை உயர்நயன்மன்றத்தில் தமிழ் ஏறுக. எல்லையின் இருபுறத்தும் வாழும் சிறுபான்மைப் பிள்ளைகள் தாய்மொழியை இழவாதிருக்க.

இங்கிருந்து கலையுமுன் ஒவ்வொருவரும் இம்மலையை ஒருமுறை நிமிர்ந்து நோக்குக. ஆறரை ஆண்டுக் காலம் இது வேறு மாநிலத்து மலையாயிருந்தது. மக்கள் தம் மொழிக்காக எழுந்து நின்றதாலேயே மீண்டது. நாளைக் காலை வீட்டுப் பிள்ளையைத் தமிழ்ப்பெயரால் அழைத்து, தமிழ்வழிப் பள்ளிக்கு அனுப்பும் தாய் எவளோ, அவளே மீட்பை நிறைவு செய்பவள்.

தமிழ் வெல்க! மொழிகள் அனைத்தும் நிகரென்னும் அறம் வெல்க!